பியானோ: தெரியவில்லை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எங்கள் பத்திரிகை.
நாற்பது பக்கம், மஞ்சள் அட்டை.
மஞ்சள் காகிதம்தான் குரோனிங்கனில் மலிவு.
கட்டுரைகள் வீபே எழுதுவான்.
ப்ளூஸ் பற்றி எழுதும்போது மட்டும்
அவன் வாக்கியங்கள் நீண்டுவிடும்.
நான் பட்டியல் தட்டுவேன்:
எந்த ஊர், எந்த நாள், எந்த அறை,
எத்தனையாவது முறை பாடியது தட்டில் ஏறியது,
குரல் யார், கிட்டார் யார், டிரம்ஸ் யார்.
தெரியாத இடத்தில் "தெரியவில்லை".
என் தட்டச்சுப் பொறியில்
முதலில் தேய்ந்தவை அந்தச் சொல்லின் எழுத்துகள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்கள்.
ஓஸ்லோவில் ஒரு பல் மருத்துவர்.
லியோனில் இரவு சிக்னல் பார்க்கும் ஒருவர்.
லீட்ஸில் ஆக்ராய்ட்: தட்டின் உள்விளிம்பில்
ஊசி கீறிய எண்ணை
பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவர்.
எல்லாரும் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கம்.
வரன் தேடும் விளம்பரம் போலவே இருக்கும்:
"தேவை, பூட்டர் ஹேன்கின்ஸ் பாடிய தட்டு.
விரிசல் இருந்தாலும் பரவாயில்லை.
விலை ஒரு பொருட்டல்ல."
ஒரு பாட்டைக் கேட்காமலே
பத்து வருடம் காதலித்தவர்களை எனக்குத் தெரியும்,
கையெழுத்தை வைத்து.

அந்த மார்ச் மாதம்
இண்டியானாவின் கேரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
ஆஸ்பத்திரிச் சலவைக் கணக்குத் தாளின் பின்பக்கம்,
நீல மை.
யார் வீட்டிலோ குழாய் சரிபார்க்கப் போன அக்கா மகன்
எங்கள் இதழைச் சுருட்டிக்கொண்டு வந்தானாம்.

"இதழ் பத்தொன்பது, பக்கம் முப்பத்தொன்று.
பியானோ: தெரியவில்லை என்று போட்டிருக்கிறீர்கள்.
எனக்குத் தெரியும். அது நான்.
பதினொரு டாலர் பேசி ஒன்பது கொடுத்தார்கள்.
அந்தப் பியானோவில் நடுவே இரண்டு கட்டைகள் ஊமை.
அதனால் அவற்றைத் தாண்டித் தாண்டி வாசித்தேன்.
உங்கள் ஆள் ஒருவர் அதைத்
'துணிச்சலான மௌனம்' என்று எழுதியிருக்கிறார்.
நான் சிரித்த சிரிப்பில்
சலவை அறையே திரும்பிப் பார்த்தது.
இப்படிக்கு, வெர்லீன் டப்ஸ்."

வீபே இரண்டு நாள் பேசவில்லை.
அந்த "உங்கள் ஆள்" அவன்தான்.

கடிதத்தை அப்படியே அச்சிட்டோம்.
ஆக்ராய்டிடமிருந்து நான்கு பக்க மறுப்பு:
இடக்கையின் எடையைக் கேளுங்கள்,
சந்தேகமே இல்லை, ஆண்.
அதையும் அச்சிட்டோம்.
பத்திரிகை என்றால் அப்படித்தான்.

கேரியிலிருந்து அடுத்த உறை.
உள்ளே ஒரே தாள்.
இடக்கையை விரித்துவைத்து
பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருந்தாள்.
கீழே: "அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.
பாக்கி இரண்டு டாலரையும் அவரே அனுப்பலாம்."

குறுக்காமல் அசல் அளவிலேயே போட்டோம்.
கட்டைவிரல் பக்கத்துக்கு வெளியே போய்விட்டது.
அந்த மாதம் ஆறு நாடுகளில்
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்
காகிதத்தின்மேல் தங்கள் கையை வைத்துப் பார்த்தார்கள்.
பல் மருத்துவருக்கு ஒரு கட்டை தூரம் எட்டவில்லை.
சிக்னல்காரர் எதுவும் எழுதவில்லை,
இன்னொரு பிரதி மட்டும் கேட்டார்.
ஆக்ராய்ட் சந்தாவைப் புதுப்பித்தார்.
காசோலையோடு, கடிதம் இல்லாமல்,
மடித்த இரண்டு டாலர் நோட்டுகள்.
லீட்ஸில் டாலருக்கு எங்கே போனாரோ.

திருத்தப் பட்டியலை மாலையில் தட்டினேன்.
பியானோ: வெர்லீன் டப்ஸ்.
புள்ளி வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வரி மிச்சம் இருந்தது.
அவளிடம் கேட்டு எழுதியிருந்தேன்.
"பேஸ் வாசித்தவன் பெயர் எனக்கும் மறந்துவிட்டது.
நல்ல சட்டை போட்டிருந்தான்."

பட்டியலில் அதற்கு இடம் கிடையாது என்றான் வீபே.
அவன் தேநீர் போடப் போன நேரத்தில் தட்டினேன்:
பேஸ்: தெரியவில்லை. நல்ல சட்டை.