எண்பத்தெட்டு மில்லிமீட்டர்

கனம் நீதிபதி அவர்களே,
என் பெயர் மிலேனா குர்த்தோவிச்.
வக்கீல் இல்லை. அவருக்குக் கொடுக்கும் பணத்தில்
நான்கு டயர் வாங்கலாம்.
வாங்கிவிட்டேன்.

அபராதச் சீட்டில் எழுதியிருப்பது:
தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே
எண்பத்தெட்டு மில்லிமீட்டர்.
இருக்க வேண்டியது நூறு.
குறைவது பன்னிரண்டு.
என் சுண்டுவிரலின் அகலம் அது, வீட்டில் அளந்து பார்த்தேன்.

ஸ்ப்ரிங்கை மாற்றினாயா என்று கேட்கிறீர்கள்.
மாற்றினேன்.
ஒரு விரற்கடை குட்டையானவை,
மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், என் கையாலேயே.
பொறியாளர் பார்த்து முத்திரை வைத்த காகிதம் இதோ.
காலி வண்டிக்கு நூற்று ஒன்பது என்று போட்டிருக்கிறார்.
அன்றிரவும் டேஷ்போர்டுக்குள்தான் இருந்தது.
கான்ஸ்டபிள் ப்ரெஸ்காட் கேட்கவில்லை.
அவர் டார்ச்சை வாயில் கவ்வியபடி
ஸ்கேலும் கையுமாக
நெடுஞ்சாலை ஓரத்துச் சரளையில் முழங்காலிட்டிருந்தார்.
பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அன்று வண்டியில் இருந்ததைச் சொல்கிறேன்,
எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சீட்டில் கிரேன் ஓட்டும் டெஸ்மண்ட்,
நூற்றுப் பதினெட்டு கிலோ.
அவனே சொன்ன கணக்கு, நம்ப வேண்டாம்.
பக்கத்தில் ரோமுலோ. ஆள் ஒல்லி,
ஆனால் மடியில் ஓய்வறை மைக்ரோவேவ்.
அது யாருடையது என்று
இந்த நீதிமன்றம் கேட்காது என நம்புகிறேன்.
நடுவில் ஒடுங்கியபடி புதிதாகச் சேர்ந்த பையன்,
பதினோரு நாள் சம்பளக்காரன்.
முன்சீட்டில் ஹாலிஸ்,
இருபத்தேழு வருடம் உலை வாயில் நின்றவர்,
சீட்பெல்ட் போட மறந்திருந்தார்;
அதற்கு வேறு சீட்டு, அதைக் கட்டிவிட்டோம்.

டிக்கியில் ஐந்து கருவிப்பெட்டிகள்.
மூன்றாம் கொட்டகையை மூடுகிறோமென்று
மாலை நாலு மணிக்குச் சொன்னார்கள்.
ஆறுக்குள் லாக்கர் காலியாக வேண்டும்.
கருவிப்பெட்டியை யாரும்
சும்மா வீட்டுக்குத் தூக்கிப் போவதில்லை.
அது ஆலையிலேயே கிடக்கும்.
கிடந்தால் நாளைக்கு வேலை இருக்கிறது.

மொத்தம் அறுநூறு கிலோ, கூடவும் இருக்கலாம்.
கம்பெனியே மாட்டி அனுப்பிய ஸ்ப்ரிங்கும்
அன்று குனிந்திருக்கும்.

சைலன்சர் சத்தம் அதிகம் என்றும் எழுதியிருக்கிறார்.
அது சைலன்சர் இல்லை. டெஸ்மண்ட்.
அவன் சிரித்துக்கொண்டிருந்தான் என்றே
பதிவு செய்யுங்கள்.

*

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஆட்களை இறக்கிவிட்டு அளந்தீர்களா?
இல்லை.
தரை சமமாக இருந்ததா?
ஓரளவு.

மூன்று வாய்தாவுக்குப் பிறகு
ஏழு நிமிடத்தில் தள்ளுபடி.
போர்ட் அகஸ்டாவுக்கு வந்து போன பெட்ரோலைக் கூட்டினால்
அபராதத்தைவிட அறுபது டாலர் கூட.
லீவு போட்ட நாள் என்று எதுவும் கழியவில்லை,
அந்த வகையில் லாபம்.

சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.
டெஸ்மண்ட் வடக்கே சுரங்கத்தில்.
ரோமுலோ காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தான்,
மைக்ரோவேவுக்குள் சுற்றும் ஒரு தட்டுச் சோறு.

வெளியே வண்டி காலியாக நின்றது.
என் பெட்டிகூட இல்லை, விற்றாகிவிட்டது.
நீதிமன்ற வாசலில் ஒரு வேகத்தடை.
மெதுவாகத்தான் ஏறினேன்,
சாய்வாக, ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம்.
ஆனாலும்
கர்ரக்.

படியில் சிகரெட்டோடு நின்ற ப்ரெஸ்காட்
நிமிர்ந்து பார்த்தார்.
சட்டைப் பைக்கு வெளியே ஸ்கேலின் நுனி.
கை அதன் பக்கம் போனது,
பொத்தானைச் சரிசெய்துவிட்டுக் கீழே வந்தது.

"இந்தத் தடையை ரொம்ப உயரமாகக் கட்டிவிட்டார்கள்"
என்றார், யாரிடமோ.