இடப்பக்கம் இழுக்கும்

மூன்றாம் மாடிக்குத் தோளில்தான் தூக்கிப் போவேன்.
கீழே விட்டால் முதலில் மணி போகும்,
பிறகு சீட், பிறகு சைக்கிளே போகும்.
கொட்டாஞ்சேனையில் அதுதான் வரிசை.

பதினான்கு மாதம்.
பிரேமை கிராண்ட்பாஸ் பழைய இரும்புக் கடையில்
கிலோக் கணக்கில் வாங்கினேன்.
தராசில் போடும்போது "மெதுவா அண்ணே" என்றேன்.
கடைக்காரர் என்னைப் பார்த்தார்,
தராசைப் பார்த்தார்,
இருநூறு ரூபாய் கூட்டிச் சொன்னார்.

ரிம் இரண்டும் பஞ்சிகாவத்தை முஸம்மில் கடைப் பரணில்
பழைய செய்தித்தாள் சுற்றிக் கிடந்தவை.
செயின் கவர் நீர்கொழும்பிலிருந்து
பஸ்ஸில், என் மடியில் வந்தது.
பக்கத்துச் சீட் பெண் கேட்டாள்,
ஏதும் வாத்தியமா?
ம், என்றேன்.

நிறம்தான் கொன்றது.
ஆமர் வீதியில் ஏழு பச்சை கலந்து தந்தார்கள்.
ஏழும் பச்சைதான். அந்தப் பச்சை இல்லை.
எட்டாவதை நானே கலந்தேன், சமையலறையில்.
சோற்றுக் கரண்டியின் காம்பு இன்னும் பச்சை.

தங்கக் கோடு இழுக்க மூச்சை அடக்க வேண்டும்.
துறைமுகத்துக் கன்டெய்னர் லொறிகள்
கட்டடத்தை உலுக்காத நேரம் வேண்டும்.
இரவு ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில்
ஒவ்வொரு நாளும்
ஒரு சாண் கோடு.

ஞாயிறு காலை, சுதந்திர சதுக்கம்.
பதினொரு சைக்கிள், பதினொரு பேர்,
ஆளுக்கொரு துணி.
ருமேஷ் பின்சில்லைத் தூக்கிப் பெடலைச் சுற்றி
பட்டப்பகலில் டைனமோ லைட் எரித்துக் காட்டுவான்.
தமயந்தி தன் தோல் சீட்டை
வெயில் படாமல் தொப்பியால் மூடுவாள்.
யாரும் யாருடையதையும் தொடுவதில்லை.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
சுற்றிச் சுற்றி வந்து
ஒரே ஒரு சொல்லால் குத்துவோம்:
ஒரிஜினலா?
பிரேம் மட்டும், என்றேன்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார்.
கார்பன் சைக்கிள், இறுகிப் பிடித்த உடுப்பு.
எங்கே பழைய பிரேமைக் கண்டாலும்
குனிந்து நம்பர் பார்க்கும் பழக்கமாம்.
குனிந்தார்.
பெடல் அச்சுக்கு அடியில் பெருவிரலை ஓட்டினார்.
எழும்பவே இல்லை.
"மிஸ், இது என்ட சைக்கிள்."

வீடு மாறும்போது இரும்புக்காரனுக்குக் கொடுத்தாராம்.
பெயர் டெஸ்மன்ட்.
பெற்றோல் வரிசையில் நின்ற நாளெல்லாம்
அதையே நினைத்தாராம்.
எனக்கென்ன என்று நினைத்தேன்.
"ஒரு ரவுண்ட்?" என்றார்.
பத்துப் பேரும் உடனே
தங்கள் தங்கள் கம்பிகளைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

கொடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

அவருடையது என் சுண்டுவிரலில் தொங்கியது.
எனக்குப் பிடிக்கவில்லை.
எடையே இல்லாத ஒன்றைத்
தூக்கிப் படியேறி என்ன பெருமை?
மண்டபத்துக்குப் பின்னால் என் பச்சை மறைந்தது.
எண்ணினேன். தொண்ணூற்றாறில் திரும்பி வந்தது.

அழகு என்று சொல்லவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை.
"இன்னும் இடப்பக்கம் இழுக்குது," என்றார்.
சிரித்தார்.
"தெமட்டகொடைப் பாலத்தில விழுந்தனான்."

நாலு மாதம் நான் அதோடு மல்லுக்கட்டினேன்.
நூல் கட்டி அளந்தேன், பேரிங் மாற்றினேன்,
போர்க்கைக் கூட மாற்றினேன்.
கையை விட்டால் இடப்பக்கம்.
யாரிடமும் சொல்லவில்லை.
படம் எடுக்கும்போது
நிறுத்தி வைத்துத்தான் எடுப்பேன்.

திரும்பும் வழியில் காலி முகத்திடல்.
காற்று, காலையிலேயே பட்டம் விடும் ஒருவன்,
இஸ்ஸோ வடைக்காரன் இன்னும் கடை விரிக்கவில்லை.
கையை விட்டேன்.
இடப்பக்கம்.
அந்தப் பக்கம் கடல்.
சரி, போ, என்று கொஞ்ச தூரம் விட்டுப் பார்த்தேன்.

மூன்று மாடி ஏறி
லைட்டைப் போட்டுப் பார்த்தால்
தங்கக் கோட்டின் மேல்
அவருடைய பெருவிரல் ரேகை.

செருப்பைக் கழற்ற முன்
அதைத் துடைத்தேன்.