ஆட்டமிழக்காமல்

டைக் வீதியில் கடற்காற்று
முதலில் தின்பது திருகாணிகளை.
பிறகு சாவிப்பலகைக்கு அடியில் கிடக்கும்
மெல்லிய தாளின் வெள்ளிக் கோடுகளை.
என்னிடம் பதினொரு கணினிகள்,
உயிரோடு மூன்று.
மற்றவை அரிசி வாளிக்குப் பக்கத்தில்
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிக் கிடக்கின்றன.
"சவச்சாலை" என்பாள் மனைவி.
கொழும்பு போனால் மட்டும்
கேட்காமலே கண்டென்சர் வாங்கி வருவாள்.

பழுப்பேறிய அமிகாவின் மூடிக்குப்
பெரொக்சைட் பூசி முற்றத்து வெயிலில் வைத்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
அருகே காய்ந்துகொண்டிருந்த கையேட்டில்
பதினேழு முதல் நாற்பதாம் பக்கம் வரை தின்றுவிட்டுப் போனது.
ஒலி பற்றிய அத்தியாயம் எனக்குத் தெரியாது,
அந்த மானுக்குத் தெரியும்.

ஜமாலியாவில் பழைய இரும்பு நிறுத்து எடுக்கும் ஜவாஹிர்
மாசியில் அழைத்தான்:
"அண்ணன், ரப்பர் பல்லுக்காரன் ஒண்டு கிடக்கு.
கல்குலேட்டர் எண்டு உடைக்கப் பாத்தேன்."
ஸ்பெக்ட்ரம்.
கூடவே ஒற்றைக் கசெற்,
நீலப் பேனையில் எழுதி: மக்கெய்சர், இரண்டாம் இன்னிங்ஸ்.

அந்தச் சத்தம் அறியாதவருக்கு எப்படிச் சொல்ல?
ஐஸ் ஆலையில் கட்டி அறுப்பதை
தகரக் கூரைக்குக் கீழே நின்று கேட்பது போல.
திரையோரம் சிவப்பும் இளநீலமும்,
பிறகு நீலமும் மஞ்சளுமாய்க் கோடுகள் நடுங்கும்.
நான்கு முறை பிழை.
வாசிக்கும் தலையை ஸ்பிரிட்டால் துடைத்து
அதன் சாய்வை ஒரு மயிரிழை திருப்ப,
ஐந்தாம் முறை பிடித்துக்கொண்டது.

இங்கேதான் விரல் கவனம்.
ஆர் சாவி, ரன். ஓடு என்று பொருள்.
ஓடச் சொன்னால் இந்த இயந்திரம்
வைத்திருந்த பெயர்களை எல்லாம் கைவிட்டுத்தான் ஓடும்.
இந்த ஊரில் அதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.
ஜி சாவி வேறு. இன்ன வரிக்குப் போ என்பது.
போனால் பெயர்களும் கூடவே வரும்.
ஆருக்கும் ஜிக்கும் நடுவே
ஒரு சாவிகூட முழுதாய் இல்லை.

ஜி. பத்து. என்ரர்.

டெஸ்மண்ட் 12
விதானகே 3
ரவூப் 27
குகதாசன் 0
இன்னும் சிலர், ஒற்றை இலக்கத்தில்.
நேமிநாதன் 41, ஆட்டமிழக்காமல்.
ஏழு விக்கெட்டுக்கு நூற்றுப் பதினெட்டு,
வெல்ல ஒன்பது.
அடுத்த பந்தை யாரும் எழுதவில்லை.
மழையா, வேறெதுவுமா,
நிரலில் அதற்கு வரி இல்லை.

இரண்டு கிழமை விசாரித்தேன்.
அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம்
வரப்போகும் பதிலுக்காக
முன்கூட்டியே குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.
நேமிநாதன் மூன்றாம் கட்டையில்
தண்ணீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார்.

ஹெல்மெற்றைக் கழற்றாமலே வந்தார்.
அழுவார் என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.
"ஐம்பத்தொண்டு" என்றார்.
"ஐம்பத்தொண்டு அடிச்சனான். இது கள்ளக் கணக்கு.
குகதாசன்ர வேலை. முட்டை எடுத்த எரிச்சல்."
ஆட்டம் ஏன் நின்றது என்று கேட்டேன்.
"பந்து துலைஞ்சு போச்சு.
அந்த நாளையில ஊருக்கே ரெண்டு பந்து."

திருத்துகிறேன் பார் என்று
நான் தடுக்குமுன் விரலை வைத்தார்.
ஆர். என்ரர்.

வெள்ளைத் திரை.
அதன் அடியில் ஒரே வரி, ஆங்கிலத்தில்:
மாறியைக் காணவில்லை.

"எங்க போட்டாங்கள் எல்லாரும்?"
"நாடாவில இருக்கினம்" என்றேன்,
கசெற்றைப் பின்னோக்கிச் சுற்றியபடி.
அப்போதுதான் ஹெல்மெற்றைக் கழற்றினார்,
கதிரையில் இருந்தார்.
"குகதாசனுமோ?"
"ஓம். பூச்சியத்தோட."

"இன்னொருக்காப் போடும்" என்றார்.
ஐஸ் அறுபடத் தொடங்கியது.