பதினெட்டு மில்லி

வார்டோவில் சூரியன் போய் இருபது நாள்.
கடிகாரம் சொன்னால்தான் காலை.

பம்பின் குழாய்களைக் கொதிநீரில் கழுவுகிறேன்.
டன் கணக்கில் காட் மீன் நிறுத்த கை
புட்டியின் கோட்டைக் கண்ணருகே பிடித்து
பதினெட்டா இருபதா என்று தடுமாறுகிறது.
ஓத அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்:
இரண்டு மணி, இடது, பதினெட்டு.
ஐந்து மணி, வலது, பதினொன்று.
ராக்ன்ஹில்ட் அந்தப் பக்கம் பார்ப்பதேயில்லை.

ஓட்ஸ் கஞ்சி, பெருஞ்சீரகத் தண்ணீர், மீன்தலை சூப்,
யார் கொடுத்தாலும் மறுக்காமல் குடித்தாள்.
செவிலி ஓசே மட்டும்தான் எதையும் ஊற்றித் தரவில்லை.
"சட்டையைக் கழற்று.
பிள்ளையையும் அவிழ்த்து மேலே போட்டுக்கொள்.
கேட்கும்போதெல்லாம் கொடு.
கேட்காதபோதும்."

மூன்று நாள் இருவரும் ஒரே போர்வைக்குள்.
பனி வாரும் வண்டி தெருவில் போனது, வந்தது.
நான் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில்,
வலையில்லாத மீனவன்.

நேற்றிரவு துறைமுகத்தில் ஒரு கடற்புறா கத்தியது.
சுன்னிவா நல்ல தூக்கம்.
ராக்ன்ஹில்டுக்கு மட்டும்,
யாரும் வாய் வைக்காமலே,
சுரந்து, சொட்டி, போர்வை நனைந்து,
ஓரமாய்ப் படுத்திருந்த என் முழங்கை வரை
வெதுவெதுப்பு.

பென்சிலைத் தேடினேன்.
"எழுதாதே" என்றாள் இருட்டில், சிரிப்போ அழுகையோ.

எழுதத்தான் எப்படி,
துணி குடித்த அளவை?