தினாரின் எடை

தேங்காப்பட்டணம், ஆவணி. பொழி முறிந்து
ஆற்றுவெள்ளம் கடலைச் சிவப்பாக்கியிருந்தது.
ஹுர்முஸில் ஐம்பது குதிரை ஏறி
இங்கே முப்பத்தொன்று இறங்கின.
பத்தொன்பது வாலை உப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்
நாகுதா பக்தியார்.
செத்ததற்கும் வாலைக் காட்டினால் விலை உண்டு, அதுதான் பேச்சு.

வால்களை எண்ணி முடித்த பிறகு சொன்னான்:
பக்தாத் இல்லை. மாசியிலேயே.
கலீபாவும்.

நான் விரல் மடக்கினேன்.
பங்குனி, சித்திரை, இடவப்பாதி மழை.
அத்தனை வெள்ளிக்கிழமையும்
செத்தவரின் ஆயுள் நீள ஆமீன் சொல்லியிருக்கிறோம்,
நனைந்த தோளோடு தோள் உரச.

விளக்கு வைக்கும் நேரம் கத்தீப் ஷுஐபு வந்தார்.
"நாளைக்கு யார் பேரைச் சொல்ல?"

எனக்கென்ன தெரியும், நான் காசு நோட்டக்காரன்.
பெட்டியிலிருந்து ஒரு தினாரை எடுத்தேன்,
நல்லமிளகுக்கு வாங்கியது, கலீபாவின் பேர் வெட்டியது.
குன்றிமணி போட்டு நிறுத்தேன்.
போன வருஷத்து எடைதான்.
அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்,
பிறகு செருப்பைத் தேடினார்.

மறுநாள் மிம்பரில்
அந்தப் பேர் வரவேண்டிய இடத்தில்
மூச்சு மட்டும் வாங்கினார்.

பழக்கத்தில் நாங்கள்
ஆமீன் என்றுவிட்டோம்.