அந்தரத்தில் ஒன்றரை டன்

நாற்பத்தாறு பக்க அறிக்கை.
முப்பத்தோராம் பக்கத்தில், சிவப்புக் கட்டத்துக்குள்
சர்வேயர் ஹேடன் பிராசர் எழுதியிருந்தார்:
கீழ்த்தளத்தில் கணப்பும் அதன் சுவரும்
இடிக்கப்பட்டிருக்கின்றன.
மேல்தளத்தில் புகைபோக்கி அப்படியே நிற்கிறது.
அதைத் தாங்க ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தத் தெரியவில்லைக்குத்தான்
அறுநூறு பவுண்டு கொடுத்திருந்தோம்.

படுக்கையறையில் பார்த்தோமே, என்றான் யெஸ்டின்,
நாரை படம் போட்ட காகிதம் ஒட்டி,
அலமாரி வைக்க வசதி என்று நீகூடச் சொன்னாயே.
அதுதான்.
ஒன்றரை டன் செங்கல்,
கீழே சோபா.

பதினெட்டாயிரம் குறைக்கச் சொன்னோம்.
எஃகு விட்டம், பொறியாளர், கட்டட அனுமதி,
பின்சுவரில் இடுப்புயரம் ஏறிய ஈரம்,
சமையலறை ஜன்னலுக்கு மேலே விரிசல்.
அதற்குள் ஐந்து பென்ஸ் நாணயம் போகிறதா என்று
போட்டுப் பார்த்தேன்.
போனது. திரும்பவில்லை.

ஏஜென்ட் காரிஸ் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.
நாலாயிரம்.
கூடவே ஒரு வாக்கியம், வீட்டுக்காரர் சொன்னதாக:
முப்பது வருஷம் விழாதது
உங்களுக்காகவா விழப்போகிறது?

அளவெடுக்க மறுபடி போனோம்.
ரோண்டாவில் அன்றைக்கு மழை படுக்கையாக அடித்தது.
கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர் இல்லை,
வீட்டுக்காரரின் முன்னாள் மனைவி, மெலெரி.
அவர் பெயரும் பத்திரத்தில் இருக்கிறது.
கையில் பபிள் ராப், தோளில் டேப்.
நனைந்த எங்கள் காலணியைப் பார்த்துவிட்டு
கெட்டிலைப் போட்டார்.

கெத்தின் அதை இடித்தது
ஒரு விடுமுறை வாரக்கடைசியில்.
இரவல் சுத்தியல், மச்சான் ஒருவன், இரண்டு கேஸ் பியர்.
ஆறடி மீன்தொட்டிக்கு இடம் வேண்டியிருந்தது.
மேலே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன்.
பக்கத்து வீட்டுச் சுவர் பிடித்துக்கொள்ளும் என்றான்.
பக்கத்து வீட்டில் அப்போது யாரிடமும்
பிடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்கவில்லை.

மீன்கள்? என்றேன்.
பிப்ரவரிக்குள் எல்லாம் போயாச்சு.

தேநீரில் பால் அதிகம்.
எவ்வளவு கேட்டீர்கள், என்றார்.
பதினெட்டு.
இருபத்திரண்டு கேளுங்கள்.
கோர்ட்டு பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட்டது.
நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு ஆயிரத்திலும்
ஐந்நூறு அவனுடையது.

மற்ற ஐந்நூறு? யெஸ்டின் கேட்டான்.
அது, என்றார், டேப்பைப் பல்லால் கிழித்தபடி,
தொட்டிக்குக் கடையில் நான் தலையாட்டியதற்கு.

நான் மாடிக்குப் போனேன்.
நாரைகளின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
அந்தப் பக்கத்திலிருந்து
யாரோ வீட்டு டிவியில் ரக்பி சத்தம்
செங்கல் வழியாகக் கைக்குள் வந்தது.
கீழிருந்து அவன் அளவுகளைக் கத்திக்கொண்டிருந்தான்.
நான் திருப்பிச் சொல்லவில்லை.
குதிகாலை மெதுவாக வைத்து இறங்கினேன்,
என் எடை ஏதோ கணக்கில் சேர்வதுபோல.

காரில் சண்டை.
இருபத்திரண்டு கேட்போம், அவளே சொல்கிறாள்.
அவள் பணமும்தான் அதில்.
அவள் விருப்பம்.
கோபத்தில் கேட்பதை எல்லாம் கொடுத்துவிடுவாயா?
வைப்பர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
பாண்டிப்ரித் தாண்டும்வரை வேறு பேச்சில்லை.

பத்தொன்பது கேட்டோம்.
ஏழு வந்தது. பதினாறு போனது.
கெத்தின் ஒரு முறை வேறு ஆள் இருக்கிறார் என்றார்,
வேறு ஆளும் சர்வே எடுப்பார் என்றாள் காரிஸ்,
அது யார் சொல்லிக்கொடுத்த வாக்கியமோ.
பதிமூன்றரையில் நின்றது,
கம்பளங்களையும் விட்டுவிட்டுப் போவதாக.
நாங்கள் கேட்காத கம்பளங்கள்,
நாய் வாடையுடன்.

சாவி வாங்கிய அன்று
மெத்தையைப் பின்னறைக்கு இழுத்துப் போட்டோம்.
எஃகு விட்டம் வர மூன்று வாரம்.
அதுவரை கூடத்தில் இரண்டு இரும்பு முட்டுகள்,
கூரையைப் பார்த்தபடி, சிவப்பு பெயின்ட் உரிந்து.

மழை விட்டிருந்தது.
யெஸ்டின் அவற்றுக்கு நடுவில் நின்று
கைகளை விரித்துப் பார்த்தான்.
சரியாக ஆறடி வரும், என்றான்.

எதற்கு என்று
நான் கேட்கவில்லை.