இருபத்தைந்தின் நிறம்

மாதிரிச் சில்லுகள் நாற்பது தபாலில் வந்தன.
டுலூத்தில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
உறையும் ஏரி எழுப்புகிற முனகல்
டாக்னி வீட்டு அடித்தள ஜன்னல்வரை கேட்டது.
அவள் மேசையைத் துடைத்தாள்,
நான் பொட்டலத்தைக் கவிழ்த்தேன்.

ஒவ்வொன்றும் பத்து கிராம்.
ஒன்றோடொன்று உரசினால்
தூக்கத்தில் பல் கடிக்கும் சத்தம்.

பதினோரு வருடமாகப் பிளாஸ்டிக்கில் ஆடினோம்.
ஆர்லோவின் நாய் மென்ற சில்லுக்குப் பதிலாக
ஒரு சோடா மூடிகூட செலாவணியில் இருந்தது.
போதும் என்று ஆளுக்கு நூற்றெண்பது டாலர் போட்டோம்.
எங்களுக்கே எங்களுக்கென்று அறுநூறு சில்லு.
துறைமுக அலுவலகத்தில் அறிவிப்புப் பலகை எழுதுகிறவள் என்பதால்
வடிவமைப்பு என் தலையில்.

ஒன்றுக்கு வெள்ளை.
வெள்ளையில்தான் எத்தனை!
பால், எலும்பு, முட்டையோடு, பெய்து இரண்டாம் நாள் ஆன பனி.
ஹாலிஸ் எலும்பு என்றான்.
ஆர்லோ கேட்டது பட்டியலிலேயே இல்லாத ஏதோ ஒன்று.

ஐந்துக்கு இரும்புத்தாதுத் தூசியின் சிவப்பு.
அதில் வாதமே இல்லை,
எல்லார் காலரிலும் அது ஏற்கெனவே ஏறியிருந்தது.

நடுவட்டத்தில் என்ன படம்?
தூக்குப்பாலம் வேண்டாம்,
ஊரில் எல்லாக் காபிக் குவளையிலும் அதுதான்.
மீன் வேண்டாம். நங்கூரம் வேண்டவே வேண்டாம்.
ரெய்னோவின் மீசை என்றாள் டாக்னி; அவன் காப்புரிமை கேட்டான்.
கடைசியில் இந்த அறையின் மூலையில் நிற்கும் கொதிகலன்.
பெரிய பணம் நடுவில் விழும்போதெல்லாம்
உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் தட்டும்.

இருபத்தைந்துக்குப் பச்சை.
"ரெய்னோ, அந்தப் பச்சையை எடு" என்றேன்.
சிவப்பை எடுத்துக் கொடுத்தான்.

சிரித்தோம்.
இன்னொன்றை எடுத்தான். அதுவும் சிவப்பு.

"எனக்கு ரெண்டும் ஒரே சேறு.
சாலையில் மேல் விளக்கு எரிந்தால் நிற்பேன்,
கீழ் விளக்கு எரிந்தால் போவேன்.
சீட்டுக்கு உருவம் இருக்கிறது.
சில்லுக்கு என்ன இருக்கிறது?"

பதினோரு வருடத்தை
மனசுக்குள் மறுபடி ஆடிப் பார்த்தோம்.
கையில் ஒரு ஜோடி எட்டு மட்டும் வைத்துக்கொண்டு
நூற்றிருபத்தைந்தை நடுவில் தள்ளினானே,
மூன்று ராணிகளோடு ஹாலிஸ் சீட்டைக் கவிழ்த்தானே, அந்த இரவு?

"இருபத்தைந்து போடுவதாகத்தான் நினைத்தேன்.
நீங்கள் வாய் பிளந்த பிறகுதான் தொகை தெரியும்.
அதற்குமேல் முகத்தை அசைக்கவில்லை."

பச்சைப் பொய்க்காரன் என்று பட்டம் கொடுத்திருந்தோம்.
அதில் பொய்யே இல்லை.
அவனைப் பொறுத்தவரை பச்சையும் இல்லை.

ஹாலிஸ் எழுந்துபோய்
படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றான்.
மூன்று ராணிகளைச் சும்மா மறக்க முடியுமா?
திரும்பி வந்து, "நீலம் தெரியுமா உனக்கு?" என்றான்.

தெரியும். மஞ்சளும் தெரியும்.

பச்சையில்லாமல் ஒரு செட்டா என்று
ஆர்லோ ஆரம்பித்தான்;
மேசைக்கு அடியில் டாக்னியின் கால் அவனைக் கண்டுபிடித்தது.
இருபத்தைந்து நீலமானது,
விளிம்பில் மூன்று மஞ்சள் பட்டைகள்.
நூறு எப்போதும்போல் கருப்பு.
அது யாரையும் ஏமாற்றுவதில்லை.

பனியை உடைத்துக்கொண்டு முதல் கப்பல் நுழைந்த வாரம்
பெட்டியும் வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் ரெய்னோ
ஐந்து நீலங்களை எடுத்தான்.
ஒவ்வொன்றையும் விளக்கொளியில் திருப்பிப் பார்த்தான்,
புதுச் சாவியைப் பார்ப்பதுபோல்.
நடுவில் அடுக்கினான்.

எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும்.
தெரியும் என்று எங்களுக்கும் தெரியும்.

ஹாலிஸ் கவிழ்த்துவிட்டான். ஆர்லோவும்.
என்னிடம் இரண்டு ஜோடி.
கொதிகலன் தட்டத் தொடங்குகிறது.
ஏதாவது துப்பு கிடைக்குமா என்று
அவன் மீசையைப் பார்க்கிறேன்.
அது என்ன நிறமென்று
இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட
நான் கவனித்ததில்லை.